வாய் மூடாத ஓடுகள்

தெக்கிலா மச்சாதுக்கு ஏழு வயதிருக்கும்போது கேட்ட சத்தம் அது. கிளாராபட்டினத்துக் கடற்கரையில், ஓலைக் கொட்டகைக்குள், முத்துக்குளிப்பில் வந்த சிப்பிகளை மலைபோலக் குவித்து வைத்திருந்த ஒரு சாயங்காலத்தில், கடலை விட்டு வந்த அந்தச் சிப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறந்த சத்தம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் ஈரமாக ஒன்று வருமே, அதைப்போல. முதலில் ஒன்று, பிறகு எங்கோ அடியிலிருந்து இன்னொன்று, பிறகு ஊரே கூடி யாரோ ஒருத்தியைப் பார்த்து உச்சுக்கொட்டுவதைப்போலக் குவியல் முழுவதும். பெரியவர்கள் முத்துக்காகக் காத்திருந்தார்கள். அவள் மட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவை எதையோ சொல்லத்தான் வாயைத் திறக்கின்றன, கேட்க ஆளில்லாமல் செத்துப்போகின்றன என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளுக்குத் தோன்றுவதைக் கேட்கிற வழக்கம் அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை.

அதன் பின்பு நாற்பது வருடங்களுக்கும் மேலே போய், தலை பாதி நரைத்து, பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் வேறு வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில், கடலுக்குள் போகும் கேபிள்களுக்கு இரும்புக் கவசம் வார்க்கும் ஆலையின் முற்றத்தில் அதே சத்தம் கேட்டபோது, அவள் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம், "ஏட்டி பவுலீனா, ஏத்தம் வந்துட்டு போல, கடல் ஏறுது" என்றாள்.

முற்றத்தில் அடுக்கி வைத்திருந்த வார்ப்பிரும்பு ஓடுகள் அத்தனையும் வாய் திறந்திருந்தன.

அந்த ஓடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கரைக்கு மின்சாரத்தையும் பேச்சையும் கொண்டுபோகிற கேபிள், ஆழ்கடலில் மணலுக்குள் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். கரையை நெருங்கும்போதுதான் அதற்குப் பயம். பாறை உரசும், நங்கூரம் கிழிக்கும். அதனால் கரைப்பக்கத்துக் கேபிளுக்கு இரும்பில் சட்டை போடுவார்கள். முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், மூங்கிலைப் பிளந்த மாதிரி இரண்டு பாதி. இரண்டையும் கேபிளின் மேலும் கீழுமாக வைத்து மூடி, போல்ட் முடுக்கி, ஒன்றின் தலைக்குள் மற்றொன்றின் கழுத்தைச் செருகிக்கொண்டே போனால், பாம்பின் முதுகெலும்பைப்போல வளைந்து கொடுக்கிற ஒரு கவசம் வந்துவிடும். கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. ஊர் அதை ஓடு என்றது; ஆலையை ஓட்டு ஆலை என்றது. ஆண்கள் கடலை விட்டு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் பெண்கள் வேலைக்குப் போனார்கள். மணலைப் பிசைந்தார்கள், அச்சுப் பிடித்தார்கள், உருக்கிய இரும்பை ஊற்றினார்கள், ஆறிய ஓட்டை ஜோடி சேர்த்தார்கள். ஜோடி சேர்க்கும் பகுதிக்குத் தெக்கிலா மேஸ்திரி.

அங்கேதான் அவர்கள் ஒரு தவறு செய்தார்கள். வேறு எந்த ஊர்ப் பெண்களும் செய்திருக்க முடியாத தவறு. கிளாராபட்டினத்தில் பெயர் வைக்காத எதையும் கடலுக்குள் இறக்க மாட்டார்கள். வள்ளத்துக்குப் பெயர் உண்டு, கட்டுமரத்துக்கு உண்டு, பெரிய வலைக்குக்கூட உண்டு. கம்பெனி ஒவ்வொரு ஓட்டுக்கும் வெளிப்பக்கம் எண் குத்தச் சொல்லியிருந்தது. எண் என்பது பெயர் ஆகுமா? ஓட்டுக்குள் கேபிள் போகும் குழிவை உண்டாக்க மணலாலேயே ஓர் உருளை செய்து அச்சுக்குள் வைப்பார்கள். அந்த உருளையின் மேல் விரலால் எழுதினால், உருகிய இரும்பு எழுத்துக்குள் இறங்கி, ஆறிய பின் ஓட்டின் உட்புறத்தில் புடைத்து நிற்கும். யார் முதலில் எழுதினாள் என்று தெரியாது. முதல் வாரத்துப் பெயர்கள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதைப்போல இடம் மாறி வந்தன. பிறகு திருப்பி எழுதப் பழகிக்கொண்டார்கள். ஊரில் வள்ளங்களுக்கெல்லாம் புனிதர்களின் பெயரும் முதலாளிகளின் மகன்கள் பெயரும் இருந்ததால், இந்தப் பெண்கள் வேறு யோசனை எதுவும் இல்லாமல் தங்கள் பெயரையே எழுதினார்கள். தங்கள் பெயர் தீர்ந்ததும் சிநேகிதிகளின் பெயரை, அத்தைமார் பெயரை, பேறுகாலத்தில் போன தங்கச்சியின் பெயரை. ஒருத்தி ஆத்திரத்தில் மாமியார் பெயரை எழுதினாள்.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. கடல் ஏறியதும் ஓடுகள் திறந்தன, கடல் வற்றியதும் மூடின. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

மேலாளர் ஆவுடையப்பன் அம்பாசமுத்திரத்துக்காரர், மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்துவதை மரியாதைக் குறைவு என்று நினைத்து மூன்று வருடமாக வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நல்ல மனிதர். அவர் முதலில் போல்ட்டை இன்னும் இறுக்கச் சொன்னார். ஏற்றம் வந்ததும் ஓடுகள் போல்ட்டுகளைப் புளியங்கொட்டையைத் துப்புவதைப்போலத் துப்பின. இரட்டை மரை போடச் சொன்னார், அதையும் துப்பின. சங்கிலி சுற்றச் சொன்னார். சங்கிலி வழுக்கிக் கீழே கிடந்தது. கடைசியில், முற்றத்தைக் கூட்டிப் போல்ட் பொறுக்குவதற்கென்று தினமும் இரண்டு பெண்களை ஒதுக்கி, அதற்கு ஒரு நேர அட்டவணையும் போட்டார். அத்துடன் அது ஆலையின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இன்னும் சுலபமானது. ஏன் திறக்கிறது என்று கேட்டவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். ஊர்க்காரர்கள் எப்போது திறக்கும் என்று மட்டும் கேட்டார்கள். ஓட்டுக்குள் எந்த வெயிலுக்கும் குளிர்ச்சி இருந்ததால், பெண்கள் ஏற்றத்தில் சோற்றுத் தூக்கை உள்ளே வைத்தார்கள். நேரம் தவறியவர்களின் சோறு உள்ளேயே மாட்டிக்கொள்ள, "என் மாமியா வச்சுப் பூட்டின மாதிரில்லா பூட்டிக்கிட்டு" என்று பவுலீனா ஓட்டைத் தட்டித் தட்டிக் கெஞ்சுவாள். உடம்புச் சூடு தாங்காத கர்ப்பிணிகள் மத்தியானத்தில் வந்து ஓட்டு அடுக்கில் முதுகைச் சாய்த்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் ஆலைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து நீர் மட்டம் தெரிந்துகொண்டார்கள். கோயிலின் பங்குச் சாமியிடம் போய் மந்திரிக்கக் கேட்டபோது, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஓர் ஏற்றம் முழுவதும் நின்று பார்த்துவிட்டு, "நம்ம பாடல்குழுவைவிட ஒழுங்கா, ஒரே நேரத்துல வாயைத் திறக்குது. இதுக்கு எதுக்கு மந்திரிப்பு?" என்று திரும்பிப் போனார். தலைநகரத்திலிருந்து நிபுணர்கள் வந்தார்கள், அளந்தார்கள், வெயிலில் இரும்பு விரிகிறது என்று சொன்னார்கள், சீலா மீன் குழம்புடன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மாமியார் பெயர் எழுதிய ஓடு மட்டும் வற்றத்திலும் மூடவில்லை. ஊரே வந்து பார்த்தது. அந்த மாமியாரும் வந்தாள். உள்ளே குனிந்து, தன் பெயரை விரலால் தடவிப் படித்து, சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கா. இப்பிடி ஒரு புத்தியா இவளுக்கு?" என்றாள். மருமகளும் மாமியாரும் அன்றிலிருந்து பேசிக்கொண்டார்கள். நாளாக ஆக ஓடுகளின் உட்புறத்தில் மெல்ல ஒரு மினுமினுப்பு ஏறியது. பச்சையும் ரோஸும் கலந்த, சிப்பியின் உட்தோலில் இருப்பதைப் போன்ற மினுமினுப்பு. வார்ப்பிரும்பை அந்த நிறத்தில் பார்த்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பது தெரியாமலே அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றார்கள்.

ஆனால் துறைமுகத்துக்கு வெளியே கேபிள் கப்பல் வந்து நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் கைஒலிபெருக்கியுடன் ஓர் அதிகாரி நின்றார். கேபிள் தோணிமுங்கிப் பாரின் மேலாகக் கரைக்கு வரும், கேபிள் இறங்கிய நாளிலிருந்து அந்தப் பாரில் வலை போடக் கூடாது, நங்கூரம் இறக்கக் கூடாது, முங்கிச் சங்கு குளிக்கக் கூடாது, இது நிரந்தரம் என்று அவர் வாசித்தார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. கிளாராபட்டினத்துக்கு ஒரே ஒரு பார்தான் இருந்தது. சங்கும் சிங்கி இறாலும் நண்டும் கலவாய் மீனும் அந்த ஊருக்கு அங்கேயிருந்துதான் வந்தன. அதைத் தாண்டி எல்லாம் வெறும் மணல். ஒலிபெருக்கி நின்றது. சங்கு குளிக்கிற ரோச், தெக்கிலாவின் தம்பி, கூட்டத்துக்குள்ளிருந்து தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தான். "யக்கா, அந்த ஓடு எதுக்கு?"

"பாறையில உரசாம இருக்க."

"எந்தப் பாறையின்னு கேட்டியா?"

அவள் கேட்டிருக்கவில்லை. கடல் பெரியது, பாறைகள் எங்கெங்கோ இருக்கின்றன என்றுதான் நினைத்திருந்தாள்.

"அப்புறம் எதுக்கு?"

"நங்கூரம் படாம இருக்க."

"யாரு நங்கூரம்?"

தெக்கிலா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என் நங்கூரம்," என்றான் ரோச். "எனக்கு எதிராத்தான் நீ இம்புட்டு நாளா இரும்பு வாத்துக்கிட்டு இருக்க. நானும் உன்னைத் தினமும் சைக்கிள்ல கொண்டுபோய் விட்டுக்கிட்டு இருக்கேன், கூறு கெட்டவன்."

"திங்கும்போது எதுக்கு இந்தப் பேச்சு?" என்று ரோச்சின் மனைவி குழம்பை நகர்த்தி வைத்தாள். "மைனிக்கு என்ன தெரியும்? ஓடுதான் மூடியே இருக்க மாட்டேங்குதே. மூடினாத்தான கேபிளு?"

அந்த ஒரு வார்த்தையில்தான் ஊர் அடுத்த சில நாள்கள் உயிர் வாழ்ந்தது. மூடினால்தானே. காலையில் ஆண்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது இப்போது நீர் மட்டத்துக்காக அல்ல. திறந்திருக்கும் ஓடுகளைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள்.

ஆவுடையப்பனுக்குக் கப்பலிலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் ஏற்றத்தின்போது, வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், திறந்திருந்த ஓர் ஓட்டுக்குள் கையை விட்டார். விரலில் எழுத்து தட்டியது. தெக்கிலாவைக் கூப்பிட்டார்.

"இது என்னம்மா?"

"பேரு சார்."

"யாரு பேரு?"

"அந்த ஓட்டுப் பேரு. கடலுக்குப் போறதுல்லா, பேரில்லாம எப்பிடி?"

"நம்பர் போட்டிருக்கே!"

"நம்பரு நமக்கு சார். கடலுக்கு அது எப்பிடித் தெரியும்?"

அவர் படித்த மனிதர், ஆனால் அந்த ஊரில் மூன்று வருடம் இருந்தவர். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் கெடுதல். இரும்பைத் தேய்க்கிற இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, கைக்குக் கிடைத்த முதல் ஓட்டின் பெயரை ராவி எடுக்கச் சொன்னார். பொறி பறந்தது. கடைசி எழுத்தும் பொடியாக உதிர்ந்ததும், நல்ல ஏற்றத்தில், மற்றவை எல்லாம் திறந்திருக்க, அந்த ஓடு மட்டும் மூடிக்கொண்டது. அடுத்த ஏற்றத்துக்கும் அது திறக்கவில்லை. வெறும் இரும்பாகிவிட்டது.

அது பவுலீனாவின் ஓடு. "என் பேரு அம்புட்டு லேசாவா போயிட்டு?" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அன்று பொழுது அடையும்வரை அவள் யாரையும் கேலி செய்யவில்லை, உலை எரிந்துகொண்டிருக்கும்போதே ஆலை அணைந்துவிட்டதைப்போல இருந்தது.

எல்லாப் பெயர்களையும் ராவிவிட வேண்டும், எழுதியவர்களே செய்தால் நல்லது, சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆவுடையப்பன் தெக்கிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த ஆலையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஓடு மூடலைன்னா ஆலையை மூடிருவாங்க தெக்கிலாம்மா. இத்தனை வீட்டுல உலை வைக்கணும், யோசிங்க. நீங்க கையை வச்சா மத்தவங்களும் செய்வாங்க. கேபிள் எப்பிடியும் போகத்தான் போகுது. இந்த ஓடு இல்லைன்னா வேற ஓடு வாங்குவாங்க." அவர் சொன்னதில் பொய் இருந்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

அவள் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். முதலில் தன்னுடையதைச் செய்துவிடலாம், மற்றவர்களைப் பிறகு கேட்கலாம் என்று நினைத்து, வரிசையின் ஓரத்தில் இருந்த தன் ஓட்டைத் தேடி, உள்ளே கைவிட்டுத் தடவினாள். தெக்கிலா மச்சாது. இருந்த வீடு தம்பியின் பெயரில் இருந்தது. தம்பியின் வள்ளத்துக்கு அப்பாவின் பெயர். குடும்ப அட்டையில் அவள் கடைசி ஆள். ஊர்க் கூட்டத்தில் அவளை மச்சாது வீட்டு மூத்தவள் என்பார்கள். கோயில் பதிவில் ஞானஸ்நானத்தன்று ஒருமுறை எழுதினார்கள். அடுத்ததாகச் சாவன்று எழுதுவார்கள். நடுவில் இருக்கிற இத்தனை பெரிய இடத்தில் அவள் பெயர் நின்றது இந்த ஒரே இரும்பில், அதுவும் அவள் விரலாலேயே எழுதி. ஓட்டுக்குள் கை குளிர்ந்துகொண்டிருந்தது. இது எனக்காகத் திறந்திருக்கிறது என்றோ, பாருக்காகத் திறந்திருக்கிறது என்றோ அவள் நினைக்கவில்லை. மூடச் சொன்னதற்கு இது மூடவில்லை, நான் இத்தனை வருடமாக மூடச் சொன்னபோதெல்லாம் மூடியிருக்கிறேன் என்று மட்டும் நினைத்தாள்.

இயந்திரத்தை ஆவுடையப்பன் மேசைமேல் வைத்தாள். "மாட்டேன் சார்."

"காரணம் சொல்லுங்க."

"மாட்டேங்கிறதுதான் சார் காரணம்."

சனிக்கிழமை காலை ஏற்றத்துக்குச் சரியாக, வெளி மாவட்டத்திலிருந்து ஒப்பந்தக்காரர் ஒருவரும் அவருடைய ஆட்களும் ஆளுக்கோர் இயந்திரத்துடன் லாரியில் வந்து இறங்கினார்கள். முற்றத்துக்குள் நுழைந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஓடுகள் எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வோர் ஓட்டின் முன்னாலும் ஒரு பெண் மண்டியிட்டு, முழங்கை வரைக்கும் இடது கையை உள்ளே விட்டிருந்தாள். இறந்தவர்களின் பெயர் எழுதிய ஓடுகளுக்கு அவர்களின் மகள்களும் தங்கச்சிகளும் வந்திருந்தார்கள். மாமியாரும் வந்திருந்தாள். பவுலீனா மட்டும் மூடிக்கிடந்த தன் ஓட்டின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன அண்ணாச்சி பாக்கிய? ஓட்டு வாயைத்தான் மூடிட்டாவ, என் வாயை மூடுத போல்ட்டு இன்னும் எந்தக் கம்பெனியிலயும் செய்யல."

ஒப்பந்தக்காரர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "பொம்பளைங்க கை இருக்கிற இடத்துல மெஷின் ஓட்டுறவன் நான் இல்லை சார்," என்று ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்து டீ கேட்டார்.

"வத்தம் வரும்ல," என்றார் ஆவுடையப்பன். "ஏம்மா, மூடும்ல! இரும்பும்மா அது! கையை எடுங்க, யாரும் உங்க பேரைத் தொட மாட்டோம், இன்னைக்குத் தொட மாட்டோம், கையை எடுங்க!"

"இன்னைக்குன்னு மட்டும் சொல்லுதாரு பாத்தியா," என்றாள் பவுலீனா.

செய்தி கேட்டு ஆண்கள் கடலிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். அந்த ஊரில் எல்லாருக்கும் நீரின் நேரம் தெரியும். ஏற்றம் நின்றதும், கொஞ்ச நேரம் கடல் அசையாமல் யோசித்ததும், பிறகு பின்வாங்கத் தொடங்கியதும் அவர்களுக்குத் தோல் வழியாகவே தெரிந்தது. ரோச் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினான். "யக்கா! கையை எடு! பார் போனாப் போவுது, நான் மணல்ல வலை போட்டுக்கிடுதேன், கூலிக்குப் போறேன், கையை எடுக்கா!"

தெக்கிலா திரும்பிப் பார்த்தாள். "போவாது" என்றாள்.

அப்போது ஓடுகள் மூடத் தொடங்கின. வழக்கத்தைவிட மெதுவாக, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிறவளின் கையைப்போல மெதுவாக, மேல் பாதி கீழே இறங்கியது. யாரோ ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் விட்டார்கள். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இரும்பு இரும்பைத் தொட்டது, ஒரே நேரத்தில், முற்றம் முழுவதும், அதுவரை மூடாத மாமியாரின் ஓடும்கூட.

ஒரு பெண்ணும் கத்தவில்லை. கேபிளுக்கென்று செய்த குழிவு, பெண்ணின் கைக்குச் சரியாக இருந்தது. விளிம்பு முழங்கைக்குக் கீழே வளையலைப்போல நின்றது. விரல்கள் மறுபக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டு அசைந்தன. ஓடு எதைக் காப்பதற்கென்று வார்க்கப்பட்டதோ அது கடைசியில் அதற்குக் கிடைத்துவிட்டதைப்போல, அதன் குளிர்ச்சி மெல்ல மாறி உடம்பின் சூட்டுக்கு வந்தது. தெக்கிலா எழுந்து நின்றாள். ஒரு குடம் தண்ணீரின் கனம். அந்தக் கனத்தை அவர்கள் நடக்கப் பழகிய வயதிலிருந்து சுமந்திருக்கிறார்கள்; இடுப்பிலிருந்து தோளுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

"சொத்து," என்றார் ஆவுடையப்பன், என்ன சொல்வதென்று தெரியாமல். "கம்பெனி சொத்தும்மா அது, எங்க கொண்டுபோறீங்க?"

"நாங்க எங்க சார் கொண்டுபோறோம்? சொத்துல்லா எங்களைக் கொண்டுபோவுது."

அவர்கள் வாசல் வழியாகப் போனார்கள். ஆண்கள் வழி விட்டார்கள். கடைத்தெரு வழியாக, கோயில் வழியாக, கருவாட்டுக் களம் வழியாக, இடது தோள் தாழ்ந்து, வெயிலில் இரும்பு மின்ன, மெதுவாக நடந்து, கேபிளைக் கரையேற்றுவதற்காகத் தோண்டி வைத்திருந்த நீளப் பள்ளத்துக்குப் போய், அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் உள்ளே இறங்கி உட்கார்ந்தார்கள். பவுலீனா தன் செத்த ஓட்டை ஒரு கோவேறு கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளத்தின் வாசலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஒலிபெருக்கி அதிகாரி வந்து, ஓடுகளைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும் என்று வாசித்தார். "கழத்துங்க சார்" என்று தெக்கிலா கையை நீட்டினாள். ஸ்பேனருடன் வந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் போல்ட்டே இல்லையே என்றான். போலீஸ் பூட்ஸ் கால்கள் பள்ளத்தைச் சுற்றி நின்றன. ஆனால் வெறுங்கையுடன் இருப்பவளைத் தூக்குவதற்குத்தான் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. கவசம் போட்டவளை எங்கே பிடித்துத் தூக்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சாயங்கால ஏற்றம் வந்தது. ஓடுகள் திறக்கவில்லை. அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆண்கள் வீட்டுக்குப் போய் அடுப்பைத் தேடினார்கள். அந்த ஊரில் முதல் தடவையாக, ஆண்கள் சமைத்த சோறு வரிசையாகக் கடற்கரைக்கு வந்தது, உப்பில்லாமலும் கரிந்தும்.

"என்ன கொழம்பு இது?" என்று தெக்கிலா கேட்டாள்.

"மீன் கொழம்புக்கா," என்றான் ரோச்.

"மீன்கிட்ட சொன்னியா?"

அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான், அழுததைக் காட்டாமல் இருக்க அடுத்த கவளத்தைப் பெரிதாகப் பிடித்து ஊட்டினான். அவனுக்கு அவள் ஊட்டியதுதான் அதுவரை நடந்திருந்தது. மறுநாள் குழம்பில் உப்பு இருந்தது. அதற்கு மறுநாள் புளியும் சரியாக இருந்தது. சாமி பள்ளத்தின் கரையிலேயே பூசை வைத்தார். தூத்துக்குடியிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்து, ஓடுகளைத் தொட்டுப் பார்த்து, தலைவாரிவிட்டு, பேன் பார்த்துவிட்டுப் போனார்கள். தூரத்தில் கப்பல் நின்ற இடத்திலேயே நின்று, பெரிய சுருளாகச் சுற்றி வைத்த கேபிளுடன், வெயிலில் காய்ந்தது. பாறைக்கு மேல் கவசமில்லாமல் கேபிளை இறக்க முடியாது; வேறு ஓடு வாங்கி வரலாம் என்றாலும் கேபிள் கரையேறும் பள்ளம் காலியில்லை. கவசம் இங்கே பள்ளத்தில் உட்கார்ந்து குழம்பில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அதே அதிகாரி அதே ஒலிபெருக்கியுடன் வந்தார். கேபிள் தோணிமுங்கிப் பாரைச் சுற்றிக்கொண்டு, தெற்கே மணல் தரை வழியாகப் போகும், பாருக்குத் தடை இல்லை என்று வாசித்தார். வாசித்தது போதாது என்று தெக்கிலா சொன்னதால், ஊருக்கு முன்னால் கடலைப் பார்த்துத் திரும்பி நின்று இன்னொரு தடவை வாசித்தார். மத்தியான ஏற்றத்துக்கு ஓடுகள் திறந்தன. உள்ளிருந்து வந்த கைகள் குளத்தில் ஊறியவைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஒவ்வொரு கையின் உட்புறத்திலும் ஒரு பெயரின் அச்சு இடம் மாறிப் பதிந்திருந்தது. இரண்டு நாளில் அது மறைந்துவிட்டது.

மணல் தரையில் போகிற கேபிளுக்கு ஓடு தேவையில்லை. அதனால் ஆவுடையப்பன் சொன்னபடியே ஆலையை மூடினார்கள். அவர் கடைசி நாளன்று எல்லார் வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிக்கொண்டு, தெக்கிலாவின் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, ஊருக்குப் போனார். உலையைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். ஓடுகளை எடைக்கு எடுக்க வந்தவர்களை ஊர் உள்ளே விடவில்லை. ரோச்சும் மற்றவர்களும் அவற்றை வள்ளங்களில் ஏற்றி, பெயர் வைத்தவை போக வேண்டிய இடத்துக்கு, தோணிமுங்கிப் பாருக்கு, கொண்டுபோய் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பவுலீனா தன்னுடையதைக் கொடுக்கவில்லை. காற்றுக்கு அடித்துக்கொள்ளும் வீட்டுக் கதவுக்கு முட்டு வைத்துக்கொண்டாள். வேலை போன வீடுகளில் ஒரு வருடம் கஷ்டம் இருந்தது. சிலர் உப்பளத்துக்குப் போனார்கள், சிலர் திருப்பூருக்குப் போனார்கள். செய்தது தப்பு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தெக்கிலா அவர்களோடு வாதாடவில்லை; தப்பு என்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு வேறு ஆலையில் வேலை கிடைக்கவில்லை. தூத்துக்குடி மீன் சந்தையில், மேற்கு வாசலுக்குப் பக்கத்தில், பாரில் பிடித்த நண்டும் சிங்கி இறாலும் விற்கிறாள்.